புதுக்கிய எஞ்சினும் புலப்படாத துகளும்

பழுதுற்ற மோட்டார் எஞ்சின் ஒன்றை முற்றாகக் கழற்றிப் புதுக்கிய பின்னர், அது சில நூறு மைல் ஓடுவதற்குள் மறுபடியும் கெட்டுப்போகுமாயின் அதற்குக் காரணம் யாது? வாங்கிய உறுப்புகள் போலியானவை என்பர் சிலர். ஓட்டியவன் கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்பர் வேறு சிலர். கிரகபலன் என்பாரும் நம்மூரில் உளர். அத்தொழிலிலே முதிர்ந்தோர் கூறும் விடை இவற்றுள் ஒன்றன்று. புதுக்கிய கையே எஞ்சினுள் விட்டுச்சென்ற அழுக்குத்தான் பெரும்பாலும் காரணம் என்பது அவர்கள் துணிபு. எஞ்சின் தாங்கிகளைச் செய்து விற்கும் நிறுவனங்கள் வெளியிடும் கையேடுகளும், தாங்கிகள் கெடுவதற்குரிய காரணங்களை நிரைப்படுத்துமிடத்து அழுக்குக்கே முதலிடம் தருகின்றன.

தமிழ் இலக்கணம் கற்பித்து வயிறு வளர்க்கும் ஒருவன் இவ்விடயத்தில் வாய் திறப்பதற்கு நியாயம் கூறுதல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் என் பழைய மாணாக்கர் ஒருவர் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதுவிக்க என்னை நாடி வந்தார். ஒஸ்ரின் ஏ 40 கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிச் சீவிப்பவர் அவர். மனைவியின் சங்கிலியை அடைவு வைத்து அதன் எஞ்சினைப் புதுக்கியிருந்தார். புதுக்கி இருநூற்றைம்பது மைல் ஓடுமுன்னரே அடியிலிருந்து ஒருவகைத் தட்டோசை எழத் தொடங்கிவிட்டது. தாங்கி விற்ற கடைக்காரர் போலிப் பொருளைத் தந்து ஏமாற்றிவிட்டார் என்பது அவர் முடிபு. “நல்ல காரமாய் எழுதித் தாங்கோ வாத்தியார்” என்றார். காரமாக எழுதுதல் அரிதன்று. ஆயினும் ஒருவர்மீது பழி சுமத்தி எழுதுமுன் அப்பழி அவர்க்கு உரியதுதானா என்று அறியவேண்டுமன்றோ? ஆகவே, எங்கள் ஊரிலே கராச் நடத்தும் முதியவர் ஒருவரிடம் இருவருமாகப் போனோம். எழுபது வயதைக் கடந்தவர். ஊரார் யாவர்க்கும் அவர் ‘அண்ணை’. “கடிதம் கிடக்கட்டும் வாத்தியார். முதல்ல எஞ்சினைக் கேப்பம். அதுதான் சாட்சி” என்றார் அவர். அச்சாட்சி சொன்ன வரலாறே இக்கட்டுரை.

யாழ்ப்பாணத்தார்க்கும் பழைய ஆங்கிலக் கார்களுக்கும் உள்ள உறவு பலரும் அறிந்தது. இங்கிலாந்தில் லோங்பிறிட்ஜ் என்னுமிடத்திற் செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ 40 வகையில் ‘டெவன்’ 1947 இலும், ‘சமசெற்’ 1952 இலும், அவற்றின்பின் ‘கேம்பிறிட்ஜ்’ 1954 இலும் வெளிவந்தன. மொறிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்டது. பிறந்த நாட்டிலே காட்சிப்பொருளாகிவிட்ட இவ்வண்டிகள் இங்கே மணமக்களையும் நோயாளரையும் வாழைக்குலைகளையும் ஏற்றிக்கொண்டு ஓடின. இன்றும் சிலவற்றைத் தெருவிற் காணலாம்.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் அருமருந்தாயிற்று. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. அக்காலத்தில் இளைஞனாயிருந்த எனக்கு அப்புகையின் மணம் இன்னும் மறக்கவில்லை. முற்றாக எரியாத மண்ணெண்ணெய், பிஸ்ரன் வளையங்களைக் கடந்து அடித்தொட்டியிலுள்ள எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெயின் அளவு குறையாதிருப்பதையும், சிலவேளை கூடியிருப்பதையும் கண்டு மகிழ்ந்த சாரதிகளும் இருந்தனர். கூடியது எண்ணெயன்று, எண்ணெயை நீராக்கும் பொருள். அவ்வாறு தேய்ந்த எஞ்சின்களைத் திரும்பத் திரும்பப் புதுக்கி ஓடச்செய்தவர்கள் நம் கராச்காரர். புதிய உறுப்புகள் வராத காலத்திலே, இருப்பதைக் கெடாமற் காத்தலே அவர்கள் கற்ற வித்தை. அண்ணையும் அவ்வித்தையில் தேர்ந்தவர்.

இனி, கெட்ட பொருள் எது என்பதைச் சிறிது கூறவேண்டும். எஞ்சினுள் பிஸ்ரன்கள் மேலுங் கீழும் ஓடும். அவ்வோட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிறாங்குத் தண்டு. அத்தண்டு எஞ்சின் உடலிற் சில இடங்களிலே தாங்கப்பட்டுச் சுழல்கிறது. பிஸ்ரன்களின் கோல்கள் அதனை வேறு சில இடங்களிலே பற்றியிருக்கின்றன. இவ்விடங்கள் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு அரைவட்ட ஓடுகள் தண்டைச் சூழ்ந்திருக்கும். இவற்றையே பாடநூல்கள் தாங்கி என்றும், கராச்காரர் பெயாரிங் என்றும் கூறுவர். சைக்கிளில் உள்ளவைபோல இவற்றினுள் குண்டுகள் இல்லை. வழுவழுப்பான இரண்டு உலோகப் பரப்புகளும், அவற்றிடையே எண்ணெயுமே உள்ளன.

அச்சும் அதற்கிடும் மசகும் நமக்குப் புதியனவல்ல. புறநானூற்றிலே ஔவையார் பாடிய செய்யுளொன்றில், உப்பு வணிகர் தம் வண்டியின்கீழ் மாற்றச்சு ஒன்றைக் கட்டிச்சென்ற செய்தி வருகிறது. (மசகு என்னும் அப்பழைய சொல்லை இக்காலத்து வானொலியார் சுத்திகரியாத எண்ணெய்க்கு ஆக்கிவிட்டனர். ஆதலால் குழப்பம் நேராதிருக்க ‘எண்ணெய்’ என்றே எழுதிச் செல்கிறேன்.) மாட்டு வண்டியின் அச்சு தேய்ந்தால் வழியிலே மாற்றிக்கொள்ளலாம். கிறாங்குத் தண்டுக்கு அவ்வசதி இல்லை.

எண்ணெய் அத்தண்டை எவ்வாறு காக்கிறது? 1883 இல் பீச்சம் டவர் என்னும் ஆங்கிலேயர் இலண்டனிலுள்ள இயந்திரப் பொறியியலாளர் நிறுவனத்துக்காகத் தாங்கிகளின் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்கென்று தாங்கியின் உச்சியிலே ஒரு துளை இட்டார். தண்டு சுழலத் தொடங்கியதும், எண்ணெய் உள்ளே போவதை விடுத்து மேலே கிளம்பி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளை ஒன்றை இறுக்கினார், அதுவும் வெளிவந்தது. பின்னர் அழுத்தமானியொன்றைப் பொருத்திப் பார்த்தபோது, தாங்கியின்மேல் ஏற்றியிருந்த சராசரி அழுத்தத்தைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் அந்த எண்ணெயிலே இருந்தது. ஒஸ்போண் றெனோல்ட்ஸ் என்னும் அறிஞர் 1886 இல் இதன் கணிதத்தை வகுத்தார். சுழலுந் தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச்சென்று ஒடுங்கிய இடைவெளியிலே திணிக்கிறது. திணிக்கப்பட்ட எண்ணெய் தண்டை உயர்த்திப் பிடிக்கிறது. செவ்வையாக ஓடும் எஞ்சினிலே தண்டு தாங்கியைத் தொடுவதேயில்லை, எண்ணெயின்மேல் மிதக்கிறது.

அவ்வெண்ணெய்ப் படலத்தின் தடிப்பு எவ்வளவு என்பதில்தான் நம் கதை முழுவதும் தங்கியிருக்கிறது. அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு கூற்றைத் தொழிலாளர் ‘தௌ’ என்பர். இரண்டங்குல விட்டமுள்ள தண்டுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே விடப்படும் இடைவெளி ஏறக்குறைய இரண்டு தௌ. அதாவது மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு. நம் தலைமயிரும் பெரும்பாலும் இதனினும் தடித்தது. சுமை ஏறும்போது தண்டு ஒருபுறம் ஒதுங்குவதால், அப்புறத்திலே படலம் மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில கூறுகளாக மெலிந்துவிடும். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று என்றால் விநாடிக்கு ஐம்பது சுற்று. அவ்வளவு மெல்லிய படலத்திலே, படலத்தினும் பருத்த துகளொன்று புகுந்தால் நிகழ்வது யாது?

தாங்கியின் உட்பரப்பு மென்மையான உலோகத்தாற் செய்யப்படுவது இதற்காகவே. ஐசக் பபிற் என்னும் அமெரிக்கர் 1839 இல் உரிமம் பெற்ற வெள்ளீயக் கலவையின் வழிவந்த வெள்ளை உலோகம், உருக்கு ஓட்டின் உட்புறத்தில் மெல்லிய பூச்சாக இடப்படும். சிறு துகள் வந்தால் அம்மென்மையான உலோகம் அதனைத் தன்னுள் அமிழ்த்திக்கொள்ளும், தண்டு தப்பும். ஆயினும் அப்பொறுமைக்கும் எல்லை உண்டு. துகள் பருத்ததாயின் முழுவதும் அமிழாது தலைநீட்டி நின்று, சுழலுந் தண்டைக் கோடு கோடாகக் கீறும். துகள்கள் மிகுந்தாலோ தாங்கி அரத்தாள்போல் ஆகிவிடும். தண்டைக் காக்க இட்ட பொருளே தண்டைத் தின்னத் தொடங்கும்.

அண்ணை எஞ்சினைக் கவிழ்த்து அடித்தொட்டியைக் கழற்றி, ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த ஓடு எந்த இடத்தது என்பது மாறாதபடி பலகையொன்றில் வரிசையாக வைத்தார். ஏடு படிப்பதற்கு நான் வைத்திருக்கும் பெருக்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். அடுத்த ஒருமணி நேரம் அவர் அவ்வோடுகளைப் படித்த விதம், சிதைந்த ஏட்டைப் படிக்கும் பதிப்பாசிரியர் எவர்க்கும் நாணத்தை உண்டாக்கக்கூடியது. எண்ணெய் வரத்துக் குன்றிக் கெட்டதாயின் வெள்ளை உலோகம் இழுபட்டு வழிந்திருக்கும், சூட்டினால் நிறம் மாறியுமிருக்கும் என்றார். தண்டோ கோலோ வளைந்திருந்தால் தேய்வு ஓரங்களில் மாறிமாறித் தோன்றும் என்றார். அங்கே காணப்பட்டவை வேறு. ஓடுகளின் சுற்றுப்போக்கிலே நேர்த்தியான கீறல்கள் ஓடியிருந்தன. இடையிடையே ஒளிரும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையுஞ் சூழ ஒரு சிறு வளையம். துகள் அமிழ்ந்தபோது விலகிய உலோகம் வரம்புபோல் உயர்ந்து, தண்டிலே தேய்ந்து மினுங்கிய அடையாளம் அது.

ஓர் ஓட்டை மறுபுறம் திருப்பிக் காட்டினார். முதுகிலே கடுகிற் சிறிய ஒரு பள்ளம். அதற்கு நேரே உட்பரப்பிலே தேய்ந்து கறுத்த ஒரு திட்டு. ஓட்டைப் பொருத்தும்போது அதன் முதுகுக்கும் இருக்கைக்கும் இடையே ஒரு மணல் அகப்பட்டிருக்கிறது. அது ஓட்டை உள்நோக்கி மேடாக்கிவிட்டது. மேட்டிலே படலம் அறுந்தது. ஓட்டின் முதுகு இருக்கையோடு படியாமையால் சூடும் வெளியேற வழியின்றிப் போயிற்று. எண்ணெயிலே ஒருபோதும் கலவாத மணல் ஒன்று, இருந்த இடத்தில் இருந்துகொண்டே தாங்கியைக் கெடுத்தது!

புள்ளியொன்றை ஊசிமுனையாற் கிளறி எடுத்துக் காந்தத்தின் அருகே பிடித்தார். காந்தம் இழுக்கவில்லை, ஆகவே இரும்புத் தூளன்று. உடைந்த கண்ணாடித் துண்டொன்றில் வைத்துத் தேய்த்தார், கண்ணாடி கீறுப்பட்டது. “இது ரோட்டுப் புழுதியாயும் இருக்கலாம், கல்லுத் தூளாயும் இருக்கலாம். ஆனா இருநூற்றைம்பது மைலிலை இவ்வளவு புழுதி உள்ளுக்கை போகாது. இது லேத்திலையிருந்து வந்தது” என்றார்.

சிலிண்டர் சுவர்களைக் கடைந்து பெருப்பித்தபின், சாணைக்கற்கள் பொருத்திய கருவியொன்றை உட்செலுத்திக் குறுக்கு மறுக்காக மெல்லிய கோடுகள் இடுவது வழக்கம். அக்கோடுகளில் எண்ணெய் தங்கினாற்றான் பிஸ்ரன் வளையங்கள் செவ்வையாகப் படியும். அக்கற்கள் பெரும்பாலும் காபொறண்டம் எனப்படும் பொருளால் ஆனவை. எட்வேட் அச்சிசன் 1891 இல் ஆக்கிய அப்பொருள் உருக்கினும் மிக வலியது. கல் தேயுந்தோறும் அதன் பொடி கோடுகளின் அடியிலே போய்ப் பதிகிறது. கிறாங்குத் தண்டை அரைக்கும்போது உதிரும் பொடியும் அவ்வாறே தண்டினுள் இருக்கும் எண்ணெய்த் துளைகளிலே புகுந்துகொள்கிறது. எண்ணெய் போகவேண்டிய வழிகளிலே எண்ணெய்க்கு முன்னரே பகை போய்க் குடியிருக்கிறது.

கராச்களிலே வழக்கமாகச் செய்வது, மண்ணெண்ணெயாற் கழுவித் துணியால் துடைப்பது. கண்ணுக்குப் பளபளவென்று தோன்றும். “மண்ணெண்ணெய் ஒயிலைக் கொண்டு போகும், மண்ணை விட்டிட்டுப் போகும்” என்பது அண்ணையின் வாக்கு. உண்மையும் அதுவே. பொடியைக் கோட்டிலிருந்து கிளப்பி மிதக்கச் செய்து வெளியே கொண்டுபோகும் ஆற்றல், சவர்க்காரங் கலந்த வெந்நீருக்கும் முரட்டுத் தூரிகைக்குமே உண்டு. இவ்வளவு மலிவான மருந்து இருக்கவும் அதனைக் கையாள்வார் சிலராயிருப்பது வியப்பே.

குற்றம் யாருடையது என்ற வினாவுக்கு இப்போது வருவோம். கடைந்து கொடுத்த லேத்துப் பட்டறைக்காரரிடம் விசாரித்தபோது, “கடையுறது என்ரை வேலை, கழுவுறது கராச்காரற்றை வேலை” என்றாராம். முதலிற் பூட்டிய கராச்காரரோ, “லேத்திலை கழுவித்தானே தந்தவை” என்றாராம். இருவரும் பொய்யுரைக்கவில்லை. கழுவுதல் இருவர்க்கும் இடையே விழுந்துபோயிற்று. கடைசியில் அங்கே வேலை பழகும் பையனொருவன் மண்ணெண்ணெய்ப் பேணியும் பழந்துணியுமாகச் சிறிதுநேரம் துடைத்திருக்கிறான். கடைவதற்கு ஒருவர், அளப்பதற்கு ஒருவர், பூட்டுவதற்கு ஒருவர். துடைப்பதற்கு மாத்திரம் எல்லாரிலும் இளையவன், கூலி குறைந்தவன். துப்புரவு என்றால் தாழ்ந்த வேலை என்று எண்ணும் நம் பழைய மனப்பான்மை கராச்சையும் விட்டுவைக்கவில்லை என்பது என் எண்ணம். கூலிப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கடைதல், அரைத்தல், உறுப்புகள், பூட்டுகூலி எல்லாம் தனித்தனியே இருந்தன. கழுவியதற்கென்று ஒரு வரியும் இல்லை.

கடைக்காரர்மீது எழுதவிருந்த கடிதம் எழுதப்படவில்லை. தாங்கிகள் நல்ல தாங்கிகள்தாம்.

நட்டம் பணத்தோடு முடியவில்லை என்பதையுஞ் சொல்லவேண்டும். கீறுண்ட தண்டை மறுபடியும் அரைத்து மெலிவித்து, அம்மெலிவுக்கேற்ற தடித்த ஓடுகளை இடவேண்டும். அவ்வோடுகள் பத்து, இருபது, முப்பது, நாற்பது தௌ என்ற அளவுகளில் வருவன. முன்னர் இருபதில் நின்ற தண்டு இப்போது முப்பதுக்கு இறங்கியது. நாற்பதுக்கப்பால் ஓடுகள் எளிதிற் கிடையா. ஆக, அத்தண்டுக்கு எஞ்சியிருந்த இரண்டு ஆயுளில் ஒன்றைச் சாணைப்பொடி தின்றுவிட்டது. எழுபதாண்டைத் தொட்ட வண்டிக்கு வேறு தண்டு தேடுவது, காணாமற்போன நூலுக்குப் பிரதி தேடுவது போன்றதே.

தண்டு லேத்திலிருந்து திரும்பியதும் அண்ணை வேலையைத் தொடங்கினார். இரண்டு நாள், இரண்டு நாளும் கழுவல் மாத்திரம். மாலையிற் பாடசாலை விட்டதும் நானும் போய் ஒரு வாங்கிலில் இருந்து பார்த்தேன். எஞ்சின் உடலின் எண்ணெய் வழிகளை மூடியிருந்த சிறு செருகிகளையெல்லாம் கழற்றினார். கம்பியை விட்டுக் கிளறியபோது கரும்பசை கட்டி கட்டியாக வந்தது. துவக்குக் குழாய் துலக்குவது போன்ற நீண்ட தூரிகைகளை ஒவ்வொரு வழியிலும் செலுத்தி, சவர்க்கார வெந்நீர் ஊற்றி, முன்னும் பின்னும் இழுத்தார். நீர் தெளிந்து வரும்வரை ஊற்றினார், தெளிந்தபின்னரும் ஊற்றினார். சிலிண்டர்களை அகலத் தூரிகையால் தேய்த்துக் கழுவினார். நீர் உலர்வதற்குக் காத்திராமல் காற்றழுத்தத்தால் ஊதி, உடனே எண்ணெய் பூசினார். நம் கடற்காற்றிலே கழுவிய இரும்பு கண்முன்னே துருப்பிடிக்கும்.

பிறகு என்னை நோக்கி, “வாத்தியார், வீட்டிலை பழைய வேட்டி இருந்தாத் தாங்கோ” என்றார். புதுத்துணியும் பஞ்சுக் கழிவும் நூலிழைகளை உதிர்க்கும். இழை எண்ணெய்த் துளையில் அகப்பட்டால் அதுவும் கேடு. பலகாலம் தோய்த்துத் தேய்ந்த வேட்டியில் உதிர்வதற்கு ஒன்றும் இல்லை. அத்துடன் அது வெள்ளை. வேட்டித் துண்டில் எண்ணெய் நனைத்துச் சிலிண்டரைத் துடைத்தார். கழுவித் துலக்கிய அச்சுவரிலிருந்து துண்டு சாம்பல் நிறமாக வந்தது! மறுபடியும் வெந்நீர், மறுபடியும் தூரிகை. நான்காம் முறை துடைத்தபோதுதான் துண்டு வெள்ளையாகவே வந்தது. என் வேட்டி இரண்டு அதிலே முடிந்தன.

கிறாங்குத் தண்டிலே தாங்கியிடத்திலிருந்து கோலிடத்துக்குச் சாய்வாகச் செல்லும் துளைகளை அவ்வாறே துலக்கி, ஒருபுறம் விளக்கைப் பிடித்து மறுபுறம் கண்வைத்துப் பார்த்தார். எண்ணெய்ப் பம்பி, அதன் வலை, அடித்தொட்டி, குழாய்கள் யாவும் இவ்வாறே. கெட்ட எஞ்சினின் பழைய எண்ணெய்க் குழாயைக் கழுவாமற் பூட்டினால், முதல் எஞ்சினைக் கொன்ற துகளே இரண்டாவதையும் கொல்லும். ‘வடிகட்டி இருக்கிறதே’ என்று நான் கேட்டேன். வடிகட்டிக்கு அப்பாலுள்ள வழியிலே கிடக்கும் துகளை வடிகட்டி எவ்வாறு தடுக்கும் என்றார். மேலும், பழைய எஞ்சின்கள் சிலவற்றில் எண்ணெயின் ஒரு பகுதியே வடிகட்டிக்குப் போகும். ஏட்டைக் கெடுத்தவன் எழுதினவன் என்னும் நம் பழமொழி அவ்விடத்தில் என் நினைவுக்கு வந்தது. செல்லரித்த ஏட்டிலும், திருத்துவதாக எண்ணித் திரித்தெழுதிய ஏடு பொல்லாதது என்பதைப் பதிப்புத் தொழிலில் ஈடுபட்டோர் அறிவர்.

மூன்றாம் நாள் பூட்டல். நிலத்துக்கு நீர் தெளித்துப் புழுதியை அடக்கி, சாணைச் சக்கரத்துக்கு அன்று ஓய்வு கொடுத்தார். ஓடுகள் அதுவரை கடதாசி உறையினின்றும் வெளியே வரவில்லை. ஓட்டின் முதுகையும் அதன் இருக்கையையும் எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைத்துப் பொருத்தினார். உட்பரப்பிலே தாராளமாக எண்ணெய் விட்டார். இவ்வேறுபாடு முக்கியமானது. முதுகு உலர்ந்து இருக்கையோடு ஒட்டிப் படிந்தாற்றான் சூடு வெளியேறும், ஓடும் அசையாது நிற்கும். ஓட்டிலுள்ள துளை எஞ்சினுடலின் எண்ணெய்த் துளைக்கு நேரே வருகிறதா என்று பார்த்தார். மூடிகளை அவற்றில் வெட்டியுள்ள இலக்கப்படி, திசை மாறாமல் வைத்தார். ஓட்டின் விளிம்பு இருக்கையின் விளிம்பினும் மயிரளவு உயர்ந்து நிற்கும். அதனைக் குறையென்று எண்ணி அராவுவோர் உண்டு. அராவுதல் ஆகாது. மூடியை இறுக்கும்போது அவ்வுயரமே ஓட்டை நெருக்கி இருக்கையில் அமர்த்துகிறது. கோல்களின் ஆணிகளுக்கு இறப்பர்க் குழாய்த் துண்டுகளை மாட்டினார். பிஸ்ரனை இறக்கும்போது ஆணிமுனை தண்டிலே தட்டி வடுப்படுத்தாமலிருக்க அது உதவும்.

இறுக்கும் வேலையைப் பையனிடம் விட்டார். எனக்கு அது புதுமையாகத் தோன்றியது. கழுவலைத் தாம் செய்து, இறுக்கலைப் பையனிடம் விடுவதா? “முறுக்கிறதை ஆரும் முறுக்கலாம் வாத்தியார். அதுக்கு அளவு காட்டுற சாவி இருக்கு. அழுக்குக்கு அளவு காட்டுற சாவி இல்லை” என்றார். ஒவ்வொரு மூடியை இறுக்கியதும் தண்டைக் கையாற் சுற்றிப் பார்த்தார். எளிதாகச் சுழன்றால் அடுத்தது, சிறிது பிடித்தாலும் கழற்றிப் பார்ப்பது. இருட்டியதும் முழுவதையும் சுத்தமான பொலித்தீன் உறையால் மூடிக் கட்டினார். இரவிலே புழுதி வேலைநிறுத்தம் செய்வதில்லையல்லவா?

வேலை முடிந்ததும் கூலிப் பட்டியலை அவர் சொல்ல நான் எழுதினேன். முதல் வரி: ‘துப்புரவு, இரண்டு நாள்’. திருக்குறளிலே துப்புரவு என்னுஞ் சொல் நுகர்பொருள் என்னும் பொருளில் வருகிறது. அது எவ்வாறு இன்றைய பொருளுக்கு வந்தது என்பதைச் சொல்லாராய்ச்சியாளர்க்கு விடுகிறேன். பட்டியலைப் பார்த்த என் மாணாக்கர், “கழுவினதுக்கு இவ்வளவோ அண்ணை?” என்று தயங்கினார். “போன முறை கழுவாததுக்கு எவ்வளவு குடுத்தனீ?” என்றார் அண்ணை. மறுபேச்சு இல்லை. ஒரு பங்கு அன்றும் மீதி மாதந்தோறுமாகக் கணக்குத் தீர்ந்தது.

எஞ்சினைக் கிளப்புவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. புதிதாகப் பூட்டிய எஞ்சினில் எண்ணெய் வழிகள் வெறுமையாயிருக்கும். பம்பியை முன்னரே எண்ணெயால் நிரப்பிப் பூட்டியிருந்தார். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றிவிட்டு, பற்றரியின் வலுவால் எஞ்சினை வெறுமனே சுழற்றி, எண்ணெயழுத்தங் காட்டும் முள் உயர்ந்த பின்னரே செருகிகளைப் பூட்டி உயிர் கொடுத்தார். அரைமணி நேரம் ஓடவிட்டு நிறுத்தி, சூடாறுமுன் அந்த எண்ணெயை முழுவதும் வடித்து, வடிகட்டியையும் மாற்றினார். ஐந்நூறு மைல் ஓடியபின் மறுபடியும் கொண்டுவரச் சொன்னார்.

ஐந்நூறாவது மைலிலே வடித்த எண்ணெயை என் வேட்டியின் கடைசித் துண்டொன்றில் ஊற்றி வெயிலிற் பிடித்துப் பார்த்தோம். வளையங்கள் படியும்போது உதிரும் நுண்ணிய இரும்புத் தூள் சிறிது மினுங்கியது. காந்தத்தைக் காட்டியதும் அது முழுவதும் அதனோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியைக் கீறக்கூடியது ஒன்றும் அகப்படவில்லை. அண்ணை துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு, அடுத்த முறை ஆயிரம் மைலில் வந்தாற் போதும் என்றார்.